அம்பிட்டியவில் ஒரு சதுரக் கிலோமீற்றர்

அம்பிட்டிய, கண்டி
09.10.2006

அன்புத் தம்பி விவேகானந்தனுக்கு,

அக்கா பத்மா எழுதுவது. மூக்கு ஒழுகுகிற தடிமன் ஒன்றைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவின் முழங்கால் எப்படி? எண்ணெயைப் பூசுகிறாவா, அல்லது போத்தலை அலுமாரிக்குள் வைத்துக் கும்பிடுகிறாவா?

சண்டையால் யாழ்ப்பாணப் பாதை பூட்டி இரண்டு மாதம் ஆகிவிட்டது. போன் எடுத்தால் அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். கப்பலில் கடிதம் போய்ச் சேர மூன்று கிழமை பிடித்தாலும் இனி இந்தப் பேனைதான் எங்களுக்கு வாய்.

ஒரு நல்ல விஷயம் கேள். நான் எழுதுவினைஞராக இருக்கிற புவியியல் பகுதியில் ஜிஐஎஸ் சான்றிதழ்ப் பாடநெறி ஒன்று நடக்கிறது அல்லவா? கம்பியூட்டரில் வரைபடம் கீறுகிற படிப்பு, ஆறு மாதம். போனமுறை இருபது இடத்துக்கு நூற்றுப் பதினெட்டு விண்ணப்பம் வந்தது. அதனால் நுழைவுத் தகைமைகளைப் புதுப்பிக்கக் குழு கூடியது. நான் குறிப்பெடுக்கப் போனவள். ஆளுக்கொரு பக்கம் இழுத்து ஒன்றரை மணித்தியாலம் வீண். கடைசியில் பேராசிரியர் அலுத்துப்போய் என் பக்கம் திரும்பி, மிஸ் பத்மாதேவி என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

நான் விடுவேனா? ஒவ்வொருவரும் தங்கள் ஊரில் ஒரு சதுரக் கிலோமீற்றரைத் தாங்களே அளந்து, கையால் கீறி அனுப்பட்டும், கைத்திறம் உள்ளவன் தானாகத் தெரிவான் என்றேன். மேசையைத் தட்டி ஒத்துக்கொண்டார்கள். வரிசையில் நாலாவது தகைமையாக அதை நானே ரைப் பண்ணினேன்.

ஏன் சொன்னேன் என்று உனக்குத் தெரியும். காணிக் கந்தோரில் ஆறு வருடமாகப் படவரைஞனாக இருக்கிறாய். உன் கைக்கு ஈடாக அந்த நூற்றுப் பதினெட்டில் ஒருவனும் இல்லை. நீ என் தம்பி என்று மட்டும் ஒருவருக்கும் மூச்சுவிடாதே. விண்ணப்பப் படிவம் இத்துடன் இருக்கிறது.

உன் அக்கா,
பத்மா


உடுவில்
02.11.2006

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் நலம். உங்கள் தடிமன் இதற்குள் போயிருக்கும் என்று நம்புகிறேன். கடிதம் முந்தாநாள் கிடைத்தது. உறையை யாரோ திறந்து பார்த்துவிட்டு மறுபடி ஒட்டியிருந்தார்கள். ஒட்டினவர் நல்ல துப்புரவான ஆள்.

கந்தோரில் என் பக்கத்து மேசை இராஜரத்தினம் அண்ணையை உங்களுக்குத் தெரியும். போன செவ்வாய் வேலைக்கு வரவில்லை. பிறகும் வரவில்லை. வெள்ளிக்கிழமை அவருடைய மனைவி வந்து குடையையும் சாப்பாட்டுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனா. நாங்கள் எல்லோரும் குனிந்து கீறிக்கொண்டிருந்தோம்.

நேற்றுப் பின்னேரம் நான் இல்லாத நேரம் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்களாம். "படம் கீறுற விவேகானந்தன்ர வீடு இதுவோ?" என்று கேட்டிருக்கிறார்கள். "ஓம் தம்பியவை, இதுதான். இருங்கோவன், தேத்தண்ணி போடுறன்" என்று அம்மா சொல்லியிருக்கிறா. ஹெல்மெற்றைக் கழற்றாமலே போய்விட்டார்களாம். வீடு கட்டப் படம் வேண்டுமாக்கும் என்று அம்மா நினைக்கிறா. அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பாடநெறிக்கு நான் வரத்தான் வேண்டும் அக்கா. பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்தைக் காட்டினால் இங்கிருந்து வெளியேற கிளியறன்ஸ் என்கிற பயண அனுமதி தருகிறார்கள், கப்பலில் இடமும் கிடைக்கிறது. எப்போது தொடங்குகிறது? சீக்கிரம் தொடங்க வழி உண்டா?

நாலாவது தகைமையை மட்டும் எடுத்துவிடச் சொல்ல முடியாதா? ஊரை அளக்க எனக்கு இப்போது நேரம் சரியில்லை.

அன்புத் தம்பி,
விவே


அம்பிட்டிய
24.11.2006

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். விளங்கியது. விளங்கினதை இதில் எழுதவில்லை. அம்மாவிடம் சொல்லு, வாசலுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்ற நாங்கள் கடை நடத்தவில்லை என்று.

ஆனால் ராசா, தகைமை சபையில் நிறைவேறிவிட்டது. ரைப் பண்ணின நானே போய் எடுக்கச் சொன்னால் ஏன், எதற்கு, யாருக்காக என்று கேட்பார்கள். நீ என் தம்பி என்று தெரிந்தால் இரண்டு பேருக்கும் கெடுதல். நேரம் சரியில்லை என்று என்ன கதை இது? பிறந்து வளர்ந்த ஊர். நாடா பிடிக்க வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு நினைவிலிருந்து கீறினாலும் நீ கீறுவாய். தைமாதம் பத்தாம் திகதிக்கு முன் இங்கே வந்துசேர வேண்டும். பிந்தினால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். உன்னிடம் ஒரு வருடம் இருக்கிறதா? பயத்தில்தான் ஏசுகிறேன்.

சாப்பாட்டைக் கவனி. அம்மாவுக்கு என் அன்பு.

பத்மா


உடுவில்
15.12.2006

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. எனக்கும் ஒன்றுமில்லை.

படமும் படிவமும் இத்துடன் வருகின்றன. நினைவிலிருந்துதான் கீறினேன். நடுவில் உள்ள வெள்ளை இடத்தைப் பற்றி யாராவது கேட்டால் அங்கே ஒன்றுமில்லை என்று சொல்லுங்கள்.

விவே


அம்பிட்டிய
16.01.2007

அன்புத் தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

போன வியாழக்கிழமை குழு கூடியது. கோடுகளின் சுத்தத்தைப் பார்த்துப் பேராசிரியர் புருவத்தை உயர்த்தினார். பிறகு நடுவில் விரலை வைத்து, கால்வாசிப் பரப்பு வெறுமையாக இருக்கிறதே, பாதிவேலை செய்கிற ஆள் போலிருக்கிறது என்று ஒதுக்கி வைத்துவிட்டார். நான் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் மஹ்மூத் சேர் என் பின்னால் வந்தார். அலவத்துகொடக்காரர், எங்கள் விரிவுரையாளர்களில் தமிழ் பேசுகிறவர் அவர் ஒருவர்தான். "மிஸ், அந்த வெள்ளையா வுட்ட எடம் ஆமி கேம்பு தானே? அத வரைஞ்சா அந்தப் புள்ளட நெலம என்னாகும்? நீங்களாச்சும் சொல்லியிருக்க வேணாமா?" என்று கேட்டார். முகாமைச் சுற்றி நீ படம் அளந்துகொண்டு நின்றால் என்ன நடக்கும் என்று உடுவிலில் பிறந்த எனக்கு உறைக்கவில்லை, அந்த மனிதருக்கு உறைத்தது. பதினொரு வருடம் கண்டியில் இருந்து என் புத்தி மழுங்கிப்போச்சு. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடித்துவிட்டேன், தம்பி.

ஆனால் விடவில்லை. அவரிடம் மட்டும் நீ என் தம்பி என்பதைச் சொன்னேன். மஹ்மூத் சேரும் நானும் பேராசிரியரிடம் போய் நின்றோம். வடக்கு கிழக்கு விண்ணப்பதாரருக்கு நியாயம் வேண்டும் என்று அவர் வாதாடினார். நாலாவது தகைமை திருத்தப்பட்டுவிட்டது. "தமது ஊர் அல்லது தாம் நன்கு அறிந்த வேறு எந்த இடமும்" என்று இருக்கும். பாடநெறியையும் வைகாசிக்குத் தள்ளிவிட்டார்கள். மாசி கடைசிக்குள் புதுப் படம் அனுப்பலாம்.

நீ அம்பிட்டியவைக் கீறு. நீ இங்கே வந்ததில்லை என்று யாருக்குத் தெரியும்? நான் அளந்து தருகிறேன். மூன்று நாளாகக் காலையிலும் மாலையிலும் கவடு எண்ணி நடந்தேன். என் கவடு ஒன்று இரண்டேகால் அடி. வீட்டுக்கார அந்தோனியம்மா கேற்றடியில் நின்று, "என்னா மிஸ், ரோட்ட எண்ணிக்கிட்டே போறீங்க? விக்கப் போறீங்களா?" என்று சிரிக்கிறா.

எழுதிக்கொள். எங்கள் படலையிலிருந்து பிரதான வீதிக்கு எழுபத்தெட்டுக் கல்படி. அங்கிருந்து இடப்பக்கம் பஸ் தரிப்பிடம் நூற்றுநாற்பது கவடு. அதைத் தாண்டி தபால் கந்தோர், சேர்ச் மதில், கரண்ட் ரான்ஸ்போமர், பிறகு கண்டிப் பக்கம் இறங்குகிற வளைவு. மேலே தண்ணீர்த் தாங்கி. பொதுவசதிகள் எல்லாம் இருந்தால் புள்ளி கூட. மிச்ச அளவுகள் இரண்டு தாளில் இத்துடன் இருக்கின்றன. ஒன்றையும் விடாதே.

பத்மா


உடுவில்
14.02.2007

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். அம்மா எண்ணெய் பூசத் தொடங்கிவிட்டா, நீங்கள் வென்றீர்கள்.

உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். நான்தான் வெளிச்சமாக எழுதவில்லை. எழுதவும் ஏலாது.

அம்பிட்டிய முடிந்தது. பத்து நாள் பிடித்தது. மூன்று இடத்தில் உங்கள் கவடு கூடக் குறைய இருக்கிறது, ஏற்றத்தில் நடக்கும்போது கால் குறுகுவது உங்களுக்குத் தெரியவில்லை. கணக்குப் போட்டுத் திருத்தினேன். இங்கே உட்கார்ந்தபடி உங்கள் எழுபத்தெட்டுப் படியையும் ஏறி இறங்கிவிட்டேன். இந்த மூன்று மாதத்தில் சந்தோஷமாக இருந்த பத்து நாள் இவைதான். படத்தைப் போட்டோக் கொப்பி எடுத்துக் கந்தோர்த் தபால் பையில் அனுப்புகிறேன், அதை வழியில் உடைக்க மாட்டார்கள். உங்கள் கையில் கிடைத்ததும் குழுவைத் தவிர வேறு ஒருவருக்கும் காட்ட வேண்டாம். ஏன் என்று கேட்க வேண்டாம்.

இப்போது இரவில் நான் மாமி வீட்டில்தான் தங்குகிறேன். அங்கே காற்று நல்லது. எங்கள் வீட்டு வாசலுக்கு அந்த இரண்டு பேரும் இன்னொரு தரம் வந்துபோனார்கள்.

விவே


அம்பிட்டிய
05.03.2007

என் தங்கத் தம்பிக்கு,

கிடைத்துவிட்டது! இருபது பேரில் நீ இரண்டாவது. படத்தைப் பார்த்துப் பேராசிரியர், இந்தப் பையன் அம்பிட்டியவில் எத்தனை வருடம் இருந்தவன் என்று கேட்டார். மஹ்மூத் சேர் இருமிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தன. வீட்டுக்கு வந்து அந்தோனியம்மாவைக் கட்டிப்பிடித்தேன். அவ மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினா, நான் எங்கள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். ஒருவரும் மனஸ்தாபப்பட இடமில்லை.

அனுமதிக் கடிதம் இத்துடன் இருக்கிறது. உடனே கிளியறன்ஸுக்குக் கொடு. பதிவுக்குக் கொண்டுவர வேண்டியவை கடிதத்தின் பின்பக்கத்தில் இருக்கின்றன: அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், உயர்தரப் பெறுபேறு, கந்தோர்க் கடிதம், கையால் கீறிய மூலப் படம். கொப்பி ஏற்க மாட்டார்கள்.

இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டு: அம்மா, உங்கள் மகன் தலையைக் கழற்றி வைக்க முடிந்தால் அதையும் மறந்து வைத்துவிட்டு வருகிற ஆள். பின்பக்கத்தில் உள்ள ஐந்தும் பைக்குள் போனதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பதிவு இல்லை. உங்களை நம்பித்தான் இருக்கிறேன்.

பத்மா


உடுவில்
27.03.2007

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்ததும் அம்மா அழுதா. பிறகு உங்கள் பட்டியலைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் ஊசியால் குத்தி வைத்திருக்கிறா. நாளைக்கு இரண்டு தரம் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறா.

கிளியறன்ஸுக்குக் கொடுத்தாயிற்று. என் இலக்கம் 2316. இப்போது ஆயிரத்து எழுநூறு மட்டில் போகிறது. கப்பல் மாதத்தில் இரண்டோ மூன்றோ. சித்திரைக் கடைசி, தவறினால் வைகாசி முதல் கிழமை.

ஒரு விஷயம். மூலப் படத்தை நான் கொண்டுவர மாட்டேன். அங்கே வந்து உங்கள் மேசையில் இருந்து ஒரு நாளில் மறுபடி கீறித் தருவேன். வெளிக்கிடுகிற அன்று அடுப்பில் போட்டுவிடுவேன். அதுவரை ஒரு தரம் பார்க்க ஆசையாக இருக்கிறது, அதுதான் வைத்திருக்கிறேன். அம்மாவிடம் காரணம் சொல்லவில்லை. சொன்னால் கப்பல் போய்ச் சேரும்வரை அவவுக்குச் சோறு இறங்காது.

அங்கே மழையா? குடை கொண்டுவரவா?

விவே


அம்பிட்டிய
19.04.2007

அன்புத் தம்பி விவேக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். அதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. அந்தோனியம்மாவுக்குத் தெரிந்த சேர்ச் சுவாமியார் ஒருவர் பிளேனில் வருகிறார், அவரிடம் கொடுக்கிறேன். தபாலைவிடக் கெதியாய் வரும். வாசித்ததும் எரித்துவிடு.

புதுவருஷத்துக்கு மறுநாள் காலை அம்பிட்டியவில் ஆமியும் பொலிசும் வீடுவீடாகச் சோதனை செய்தார்கள். என் அறையில் ஒரு அப்பியாசக் கொப்பியை எடுத்தார்கள். உனக்காக நான் கவடு எண்ணி எழுதிய கொப்பி. தண்ணீர்த் தாங்கி, ரான்ஸ்போமர், எத்தனை அடி, எந்தப் பக்கம், எல்லாம் என் கையெழுத்தில். யாழ்ப்பாணத்து அடையாள அட்டையையும் கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். என்னைக் கதிரையில் இருத்திவைத்து, தாங்கியை யாருக்காக அளந்தாய் என்று கேட்டார்கள். அப்போதுதான் தம்பி, எனக்கு விளங்கியது. நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று அந்தக் கதிரையில் இருந்தபோதுதான் விளங்கியது.

ஐந்து மணித்தியாலம். மஹ்மூத் சேர் பல்கலைக்கழகத்திலிருந்து தகைமைப் பத்திரத்தைக் கொண்டோடி வந்து, பாருங்கள், இது படிப்புக்கான நிபந்தனை, இவதான் ரைப் பண்ணினவ என்று சிங்களத்தில் மன்றாடினார். விட்டுவிட்டார்கள். அந்தோனியம்மா வாசலில் நின்று, "எங்க வீட்டுப் புள்ளைங்க இது, எங்கயும் போகாது" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னா. நானோ ஒரு கொப்பியோடு சொந்த அறையில் இருந்தவள். அந்தப் படத்தோடு கப்பல் துறையில் நீ நின்றால்? வாழ்நாளில் கண்டியையே காணாத ஒரு யாழ்ப்பாணத்துப் பெடியனின் பைக்குள் கண்டியின் படம்! யார் உனக்காகப் பத்திரம் கொண்டோடி வருவார்கள்? உனக்கு இது முதலிலேயே தெரிந்திருக்கிறது. வேறு வழியில்லாமல் கீறியிருக்கிறாய். நான்தான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தேன்.

மூலப் படம் என்ற வரியை இன்று எடுத்துவிட்டார்கள். நானே ரைப் பண்ணினேன். கடைசி நாள்வரை வைத்திருக்காதே. இன்றே, இந்தக் கடிதத்தோடு சேர்த்து அடுப்பில் போடு. என் பழைய கடிதங்களையும் போடு. பிறகு வெறுங்கையோடு வா. குடையும் வேண்டாம்.

உன் அக்கா,
பத்மா


உடுவில்
08.05.2007

அன்பு மகள் பத்மாவுக்கு அம்மா எழுதுவது,

நான் சுகம். முழங்கால் உன்ர எண்ணெய்க்குக் கொஞ்சம் கேட்குது. தம்பிதான் எப்பவும் எழுதுறவன், என்ர எழுத்துக் கோணல்மாணலாய் இருக்கும், பொறுத்துக்கொள்.

சுவாமியார் நேற்றுத்தான் வந்து உன்ர கடிதத்தைத் தந்தவர். பாவம், பிளேன் கிடையாமல் இரண்டு கிழமைக்கு மேலே கொழும்பில் நின்றவராம். உறையில் "விவேகானந்தன் கையில் மட்டும்" என்று நீ போட்டிருக்கிறாய். அவன் முந்தாநாள், ஆறாம் திகதிக் கப்பலில் வெளிக்கிட்டுட்டான். பிள்ளையள் தங்களுக்குள்ளே எழுதுறதை நான் ஏன் பார்ப்பான்? உடைக்கேல்லை. இந்தக் கடிதத்தோட சேர்த்து அனுப்புறன், அங்கே அவனிட்டயே குடு.

நீ சொன்ன மாதிரி ஐந்தையும் சரி பார்த்தனான். பட்டியலைக் கையில் வைச்சுக்கொண்டு ஒவ்வொன்றாய்ப் பைக்குள்ளே எடுத்துப் பார்த்தால், அட்டை இருக்குது, பத்திரம் இருக்குது, மற்ற இரண்டும் இருக்குது, படத்தைக் காணேல்லை! தேடினால், அடுப்படியில் பழைய கடதாசியளோட கிடக்குது. உன்ர பழைய கடிதங்களும் அதுக்குள்ளேதான். கந்தோர்க் குப்பை என்று நினைச்சு எல்லாத்தையும் ஒன்றாய்ப் போட்டிட்டான் போல. குளிக்கப் போன நேரம் நான் கண்டது நல்ல காலம். இல்லாட்டி அடுப்பு மூட்டேக்கை அதுவும் சேர்ந்து எரிஞ்சிருக்கும்; மிச்சக் கடதாசியை எரிச்சிட்டன், சாம்பலைக் கண்டிட்டு அவனும் சரி என்றவன். என்ன மறதி இது பிள்ளை, நீ சொன்னது முழுக்கச் சரி.

செக்கிங்கில் கடதாசியளை இழுத்துக் கொட்டி மிதிக்கிறாங்களாம் என்று பக்கத்து வீட்டு இரஞ்சிதம் சொன்னவ. பத்து நாள் இருந்து கீறின படம், கசங்கினால் பதியமாட்டினமே. அதாலே பையின்ர உள்சீலையைப் பிரிச்சு, படத்தையும் உன்ர அளவுத் தாள் இரண்டையும் நடுவிலே வைச்சு, தெரியாத மாதிரி மணியாய்த் தைச்சு விட்டிருக்கிறன். தடவினாலும் தெரியாது. அவனுக்குச் சொல்லேல்லை. சொன்னால் ஏனம்மா என்று எரிஞ்சு விழுவான். பதிவுக்குப் போற அன்றைக்கு நீ பிரிச்சு எடு. பிளேட்டாலே வெட்டாதே, ஊசியாலே பிரி.

போகேக்கை நல்லாய்ச் சிரிச்சுக்கொண்டுதான் போனவன். "அம்மா, என்ர பையில் ஒண்டுமில்லை, அவங்கள் என்னத்தைத் தேடினாலும் எனக்கென்ன" என்று சொன்னவன். நானும் சிரிச்சனான்.

திருகோணமலைக்கு ஒரு நாள் ஓட்டம் என்றாங்கள். அங்கேயிருந்து பஸ். இந்நேரம் உன்னட்டை வந்து சேர்ந்து, குளிச்சு, சோறு திண்டிருப்பான். வந்திட்டான் என்று ஒரு வரி எழுதிப் போடு பிள்ளை.

அம்மா